ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தாச்சு, நாளைக்கு காலைல என்ன செய்யணும்? புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

"உங்கள முழுசா ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்க"ன்னு மீட்டிங்ல சொல்லுவாங்க, நாமளும் கைய தூக்கி ஆமென் சொல்லுவோம், கண்ணீர் கூட வரும். ஆனா மறுநாள் காலைல எந்திரிச்சதும், சரி இப்ப நான் என்னதான் செய்யணும்னு ஒரு கேள்வி வரும் பாருங்க, அதுக்கு படிப்படியா பதில் சொல்ற ஆள் கிடைக்கிறது ரொம்ப கஷ்டம். நான் இதுல வருஷக்கணக்கா தடுமாறி, அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம் கேட்டு, வேதத்த திரும்பத் திரும்ப படிச்சுதான் ஒரு வழிய கண்டுபிடிச்சேன். இப்பதான் விசுவாசத்துக்குள்ள வந்திருக்கவங்களும், ரொம்ப நாளா சபைக்கு போயும் வெறும் பாட்டோட நின்னு போச்சேன்னு நினைக்கிறவங்களும் அந்த மாதிரி அலைய வேண்டாம்னுதான் இத எழுதறேன்.

பொறுமையா படிங்க, எல்லாத்தையும் ஒரே நாள்ல செய்யணும்னு இல்ல.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒன்னு தெளிவாகணும்

ஆராதனைன்னா பாட்டு, ஒப்புக்கொடுக்கறதுன்னா ஏதோ ஊழியக்காரங்களுக்கு மட்டும் உள்ளதுன்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. ரோமர் 12:1 எடுத்து பாருங்க, "உங்கள் சரீரங்களைப் பரிசுத்தமும் தேவனுக்குப் பிரியமுமான ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கவேண்டும்"னு சொல்லிட்டு, அதையேதான் அந்த நிருபத்த எழுதின பவுல் "புத்தியுள்ள ஆராதனை"ன்னு சொல்றார். ரெண்டும் ஒன்னுதான். ஆதியாகமம் 22ல ஆபிரகாம், ஆண்டவர் கேட்டபடி மகன் ஈசாக்க பலியிட கூட்டிட்டு மலைக்கு போகும்போது வேலைக்காரங்ககிட்ட நாங்க போய் தொழுதுகொண்டு திரும்பி வருவோம்னுதான் சொல்றார், அங்க ஒரு பாட்டும் இல்ல, கையில விறகும் நெருப்பும் கத்தியும்தான் இருந்துச்சு.

இன்னொன்னு, இது ரொம்ப முக்கியம். நான் ஒப்புக்கொடுத்தா கடவுள் என்ன ஏத்துப்பார்னு நினைச்சு ஆரம்பிச்சா பாதி வழியில களைச்சு போயிடுவீங்க. அந்த ரோமர் 12:1லயே "தேவனுடைய இரக்கங்களை முன்னிட்டு"ன்னு ஒரு வார்த்தை இருக்கு, அதுக்கு முன்னாடி 11 அதிகாரம் முழுக்க அவர் செஞ்சத பத்தி சொல்லிட்டுதான் நாம செய்ய வேண்டியத கேக்கறார். அவர் முதல்ல கொடுத்தாச்சு, நாம திருப்பி கொடுக்கறோம், அவ்ளோதான். நம்ம செயலால இல்ல, கிருபையாலதான் இரட்சிக்கப்பட்டோம்னு சொல்ற எபேசியர் 2:8,9 வசனத்த நோட்டுல முதல் பக்கத்துல எழுதி வச்சுக்கோங்க, பின்னாடி நீங்க விழுந்து எழும்பற நாள்ல அது தேவைப்படும்.

2. கையில என்னென்ன வேணும்

பெருசா ஒன்னும் வேண்டாம். ஒரு வேதாகமம், ஒரு நோட்டு, ஒரு பேனா, தினமும் கதவ சாத்திக்க ஒரு இடம், நம்பகமான ஒரு ஆள்.

வேதாகமம் புத்தகமா இருந்தா நல்லது. போன்ல ஆப் இருக்கேன்னு கேப்பீங்க, இருக்கு, பயணத்துல நல்லாவே உதவும், ஆனா ஜெபத்துக்கு உக்காந்த நேரத்துல மேல ஒரு மெசேஜ் வந்து விழும், அத பாத்துட்டு வரேன்னு போனா அரைமணி நேரம் போயிடும். பழைய மொழிபெயர்ப்பு புரியலன்னா எளிய நடையில உள்ள ஒன்ன பக்கத்துல வச்சு படிங்க, அதுல தப்பே இல்ல. 66 புத்தகம், 1189 அதிகாரம் (கத்தோலிக்க வேதாகமத்துல 73 புத்தகம் இருக்கும்), அதனால முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு லேவியராகமத்துல நின்னு போறவங்கதான் அதிகம். மாற்கு சுவிசேஷத்துல ஆரம்பிங்க, 16 அதிகாரம்தான், ஒரு நாளைக்கு ஒன்னுன்னா ரெண்டு வாரத்துக்கு கொஞ்சம் மேல முடிஞ்சிடும்.

நோட்டு வேற யாருக்கும் காட்ட வேண்டியதில்ல. அதனால அழகா எழுதணும்னு பாக்காதீங்க, உண்மையா எழுதினா போதும்.

அந்த நம்பகமான ஆள் யாருன்னு கொஞ்சம் யோசிச்சு தேடுங்க. பாஸ்டரா இருக்கலாம், வயசுல மூத்த விசுவாசியா இருக்கலாம், ஆனா ரெண்டு விஷயம் பாத்துக்கோங்க: நீங்க சொன்னத ஜெப விண்ணப்பம்ங்கிற பேர்ல நாலு பேருக்கு சொல்லாதவரா இருக்கணும், உங்ககிட்ட "அது தப்பு"ன்னு நேரா சொல்ற தைரியம் உள்ளவரா இருக்கணும்.

3. செலவு எவ்ளோன்னு முதல்லயே கணக்கு பாருங்க

லூக்கா 14:28ல இயேசுவே சொல்றார், கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதல்ல உக்காந்து செல்லுஞ்செலவ கணக்கு பாக்க மாட்டானான்னு. அதனால கணக்கு பாக்கறது அவிசுவாசம் இல்ல.

பணமா பாத்தா, ஜெபத்துக்கு கட்டணம் கிடையாது, தீர்க்கதரிசனத்துக்கு கட்டணம் கிடையாது, ஆசீர்வாதத்துக்கு கட்டணம் கிடையாது. "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்"னு மத்தேயு 10:8ல இருக்கு. அப்போஸ்தலர் 8ல சீமோன்னு ஒருத்தன் பரிசுத்த ஆவிய கொடுக்கற வல்லமைய பணம் கொடுத்து வாங்க பாத்தப்போ பேதுரு அவன எவ்ளோ கடுமையா கண்டிச்சார்னு படிச்சு பாருங்க. உங்க பேர சொல்லி ஜெபிக்க இவ்ளோ கட்டுங்கன்னு யாராவது கேட்டா அங்கேயே நிறுத்திக்கலாம்.

காணிக்கை வேற விஷயம். அது ஆராதனையோட ஒரு பகுதி, ஆனா 2 கொரிந்தியர் 9:7 சொல்ற மாதிரி "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல". தசமபாகம் (வருமானத்துல பத்துல ஒரு பங்கு) பத்தி சபைக்கு சபை போதனை வேறுபடும், உங்க சபையில என்ன சொல்றாங்கன்னு கேட்டு தெரிஞ்சுக்கோங்க, ஆனா கடன் வாங்கி காணிக்கை போட வேண்டாம், வீட்டுல பிள்ளைங்க ஃபீஸ நிறுத்திட்டு போட வேண்டாம். மாற்கு 12ல ரெண்டு காசு போட்ட விதவைய யாரும் மிரட்டி வாங்கல. சொல்லப்போனா அதுக்கு ரெண்டு வசனம் முன்னாடிதான் விதவைகளோட வீட்ட பட்சிக்கிறவங்கள இயேசு கண்டிக்கிறார், அந்த பகுதிய சேர்த்தே படிங்க.

உண்மையான செலவு வேற இடத்துல வரும். தூக்கத்துல கொஞ்சம் போகும். நான் சொன்னதுதான் சரிங்கிற பிடிவாதம் போகும். நேர்மையில்லாம வர்ற வருமானம் எதாவது இருந்தா அது போகும், இதுதான் நிறைய பேருக்கு வலிக்கும். வரி வசூலிச்ச சகேயு, இயேசுவ சந்திச்சதும் தன் ஆஸ்தியில பாதிய ஏழைகளுக்கு தரேன்னும், அநியாயமா வாங்கினத நாலத்தனையா திருப்பி தரேன்னும் சொன்னார். மாற்கு 10ல வர்ற பணக்காரர், எல்லாத்தையும் வித்து ஏழைகளுக்கு கொடுன்னு இயேசு சொன்னதும் துக்கத்தோட திரும்பி போயிட்டார், இயேசு அவர்மேல அன்பு வச்சார்னு எழுதியிருக்கு, ஆனாலும் கேட்டத குறைச்சுக்கல. உங்ககிட்ட அவர் எத கேப்பார்னு எனக்கு தெரியாது, ஆனா எந்த இடத்துல கை வச்சா உங்களுக்கு கோவம் வருதோ அந்த இடத்த கவனிச்சு பாருங்க.

4. லிஸ்ட் போடறது (இதுக்கு அவசரப்படாதீங்க)

இந்த வழிகாட்டியில ஒரே ஒரு படிய மட்டும்தான் செய்ய முடியும்னா இத செய்யுங்க. "ஆண்டவரே என் வாழ்க்கைய உமக்கு தரேன்"ங்கறது நல்ல ஜெபம்தான், ஆனா அதுல என்னென்ன இருக்குன்னு நமக்கே தெரியாம சொன்னா அது காத்தோட போயிடும். எல்லாத்தையும் தரேன்னு சொல்றது சுலபம், இந்த ஒன்ன தரேன்னு சொல்றதுதான் கஷ்டம். அதனால பேர் போட்டு எழுதணும்.

முதல்ல சங்கீதம் 139:23 வசனத்த ஜெபமா சொல்லுங்க, "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்". அப்புறம் ஒரு ஒரு மணி நேரம் தனியா உக்காந்து எழுதுங்க. மூணு பக்கமா பிரிச்சுக்கோங்க.

முதல் பக்கம், விட வேண்டியது. இது பாவம், பழக்கம், பொய், ரகசியம் இதெல்லாம். "என் பலவீனங்கள்"னு எழுதாதீங்க. ராத்திரி போன்ல பாக்கறது, ஆபீஸ்ல போட்ட பொய் கணக்கு, இன்ன ஆள பத்தி பரப்பின பேச்சு, இப்படி எழுதுங்க.

ரெண்டாம் பக்கம், ஒப்படைக்க வேண்டியது. இதுல பாவம் எதுவும் இல்ல, நம்ம கையில இல்லாத பாரம்தான். அம்மாவோட உடம்பு, வராத வேலை, பிள்ளையோட போக்கு, லோன், கல்யாணம் தள்ளி போறது. 1 பேதுரு 5:7 "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்"னு சொல்றது இந்த பக்கத்துக்கு.

மூணாம் பக்கத்துலதான் ரொம்ப பேர் சிக்கிக்கறாங்க. நல்ல விஷயங்கள், கடவுளே கொடுத்தது, ஆனா அது இல்லாம நான் இல்லைன்னு ஆகிப்போனது. படிப்பு, திறமை, பேர், வீடு, ஒரு உறவு, ஊழியம் கூட இதுல வரும். ஈசாக்கு பாவம் இல்ல, வாக்குத்தத்தத்தின் பிள்ளை, அவனத்தான் ஆண்டவர் கேட்டார், கடைசியில திருப்பியும் கொடுத்தார். அதனால மூணாம் பக்கத்துல எழுதின எல்லாத்தையும் விட்டுட்டு போகணும்னு அர்த்தம் இல்ல. வேலைய ராஜினாமா பண்ணணும், படிப்ப நிறுத்தணும்னு உடனே முடிவுக்கு வந்துடாதீங்க. இது இனி உம்முடையது, எப்படி வச்சுக்கணும்னு நீரே சொல்லும்னு சொல்றதுதான் இங்க முதல் படி.

இந்த மூணையும் கலந்துடாதீங்க, அதுதான் பெரிய பொறி. துக்கத்த பாவம் மாதிரி நினைச்சு மன்னிப்பு கேட்டுக்கிட்டே இருக்கறவங்களையும் பாத்திருக்கேன், பாவத்த பாரம் மாதிரி நினைச்சு "ஆண்டவர் பாத்துப்பார்"னு விட்டுட்டு அதையே தொடர்ந்து செய்றவங்களையும் பாத்திருக்கேன். ரெண்டுலயும் சமாதானம் வராது. வியாதிக்கோ, பயத்துக்கோ, பிள்ளை இல்லாததுக்கோ மனந்திரும்பணும்னு உங்களுக்கு யாரும் சொல்ல விடாதீங்க.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல கொஞ்சம் இடம் விடுங்க, தேதி போட. முதல் பக்கத்துல மட்டும் "அடுத்து என்ன செய்யணும்"னு ஒரு சின்ன குறிப்பும் சேருங்க. யார்கிட்ட பேசணும், எத அழிக்கணும், எத திருப்பி கொடுக்கணும்.

5. ஜெபத்துல அத வைக்கறது

மாதிரி வேணும்னா, இயேசு பிடிபடறதுக்கு முன்னாடி ஜெபிச்ச கெத்செமனே தோட்டத்த பாருங்க. இயேசு எடுத்த உடனே "உம் சித்தம்"னு சொல்லல, தனக்கு என்ன வேணும்னு முதல்ல சொன்னார், இந்தப் பாத்திரம் நீங்கும்படி செய்யும்னு. அப்புறம்தான் "ஆயினும் என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது". மத்தேயு 26:44ல மூணாந்தரமும் அதே வார்த்தையோட ஜெபிச்சார்னு இருக்கு. தேவகுமாரனே மூணு தடவ ஜெபிச்ச ஒரு விஷயம் உங்களுக்கு ஒரே தடவையில முடியலன்னா அதுல குற்றம் ஒன்னும் இல்ல.

அதனால ஒவ்வொரு வரிக்கும் இந்த ஒழுங்குல போங்க. எனக்கு இது வேணும்னு சொல்லுங்க. எனக்கு இது பயமா இருக்குன்னு சொல்லுங்க. அப்புறம், ஆனா உம்முடைய சித்தம் நடக்கட்டும்னு சொல்லுங்க. கடைசி வரி வாயில வரலன்னா வராத வரைக்கும் உண்மைய சொல்லுங்க, "ஆண்டவரே, இத விட எனக்கு மனசு வரல, மனச தாரும்"னு. அதுவும் ஜெபம்தான். மாற்கு 9:24ல ஒரு அப்பா, விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும்னு ஒரே மூச்சுல சொன்னார், அவர் மகன் சுகமானான்.

முழங்கால் போடணுமா நிக்கணுமான்னு கேக்கறாங்க. சாலொமோன் நின்னும் ஜெபிச்சார், முழங்கால்லயும் இருந்தார், தாவீது கர்த்தருடைய சமுகத்துல உக்காந்துட்டு ஜெபிச்சதா 2 சாமுவேல் 7:18ல இருக்கு. முழங்கால் வலி உள்ளவங்க நாற்காலியில உக்காருங்க.

கண்ணீர் வந்தா வரட்டும். உடம்பு சிலிர்த்தா சிலிர்க்கட்டும். வரலன்னா ஆண்டவர் கேக்கலன்னு முடிவு கட்டாதீங்க. ஜெபிச்சு முடிச்ச வரிக்கு பக்கத்துல தேதி போடுங்க. நாலு நாள் கழிச்சு, நான் நிஜமா ஒப்புக்கொடுத்தேனான்னு சந்தேகம் வரும்போது அந்த தேதி உதவும்.

6. சரிபண்ண வேண்டியத சரிபண்ணறது

மத்தேயு 5:23,24 ரொம்ப நேரடியா இருக்கு. பலிபீடத்துக்கிட்ட காணிக்கையோட வந்து நிக்கும்போது சகோதரனுக்கு உன்மேல குறை இருக்குன்னு ஞாபகம் வந்தா, காணிக்கைய அங்கேயே வச்சுட்டு போய் முதல்ல ஒப்புரவாகு, அப்புறம் வந்து செலுத்து. ஆராதனைய நடுவுல நிறுத்தலாம்னு இயேசுவே சொன்ன இடம் இது.

டைம் வச்சு செய்யுங்க, முதல் வாரத்துக்குள்ள. தள்ளி போட்டா மனசு காரணம் கண்டுபிடிச்சிடும். போன்ல மன்னிப்பு கேக்கும்போது சுருக்கமா கேளுங்க, "நான் அன்னைக்கு அப்படி பேசினது தப்பு, மன்னிச்சிடுங்க", அவ்ளோதான். "நீங்களும் அப்படி சொன்னீங்கல்ல"ன்னு சேர்த்தா மறுபடி சண்டைதான். அவங்க மன்னிக்கலன்னா வருத்தமா இருக்கும், ஆனா உங்க பங்கு முடிஞ்சது. பணம் திருப்பி தர வேண்டியிருந்தா ஒரே தடவையில முடியலன்னாலும் எவ்ளோ, எப்போன்னு எழுதி சொல்லிடுங்க.

இங்க ஒரு கவனம் வேணும். உங்கள அடிச்சவங்க, தவறா நடந்துகிட்டவங்ககிட்ட தனியா போய் ஒப்புரவாகணும்னு இந்த வசனத்துக்கு அர்த்தம் இல்ல. மன்னிக்கறது வேற, ஆபத்துக்குள்ள திரும்பி போறது வேற. அப்படி யாராவது உங்கள நெருக்கினா மறுத்துடுங்க, வெளிய உதவி தேடுங்க. அதே மாதிரி சட்டம் சம்பந்தப்பட்ட விஷயமா இருந்தா ஒரு வக்கீல்கிட்ட பேசிட்டு செய்யுங்க, மறைக்கறதுக்கு இல்ல, ஒழுங்கா செய்யறதுக்கு.

7. தினசரி ஆராதனைக்கு ஒரு நேர ஒழுங்கு

தன் சிலுவைய எடுத்துக்கிட்டு என் பின்னால வரணும்னு இயேசு சொல்ற லூக்கா 9:23ல "அனுதினமும்"னு ஒரு வார்த்தை இருக்கு. ஒப்புக்கொடுக்கறது ஒரு தடவை எடுக்கற பெரிய முடிவுதான், ஆனா அத தினமும் புதுப்பிக்கணும். ஆரம்பத்துல இருபது நிமிஷம் போதும். ரெண்டு மணி நேரம்னு தீர்மானம் பண்ணி மூணாம் நாளே விடறத விட இது நல்லது.

நான் சொல்ற ஒழுங்கு இது, உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க. முதல்ல மூணு நிமிஷம் நன்றி, அதுவும் பேர் போட்டு, நேத்து நடந்தத சொல்லி. "சகல உபகாரங்களையும் மறவாதே"ன்னு சங்கீதம் 103ல தாவீது தன் ஆத்துமாவுக்கே சொல்லிக்கறார், ஏன்னா ஆத்துமா மறந்துடும். அப்புறம் ஒரு சங்கீதத்த வாய்விட்டு படிங்க, ஒரு நாளைக்கு ஒன்னுன்னா 150 நாள்ல முடியும், அஞ்சுன்னா ஒரு மாசத்துல முடியும். 119ஆம் சங்கீதம் 176 வசனம், அத எட்டு எட்டா 22 பகுதியா பிரிச்சே எழுதியிருக்கு, அதனால அத மட்டும் பிரிச்சு படிங்க. அப்புறம் சுவிசேஷத்துல ஒரு பகுதி. அப்புறம் சும்மா அமைதியா ரெண்டு மூணு நிமிஷம், பேசாம. கடைசியா லிஸ்ட்ட எடுத்து, அன்னைக்கு எந்த வரி மறுபடி உங்க கைக்கு வந்துடுச்சோ அத மட்டும் திரும்ப வைங்க.

பாடணும்னா பாடுங்க, ராகம் வரலன்னாலும். ஆனா போன்ல ஒர்ஷிப் பாட்ட ஓட விட்டுட்டு வேற வேலை பாக்கறத மட்டும் இந்த இருபது நிமிஷத்துல சேக்காதீங்க, அது தனியா இருக்கட்டும்.

காலைலயா ராத்திரியா? இயேசு அதிகாலையில இருட்டோட எழுந்து வனாந்தரமான இடத்துக்கு போய் ஜெபிச்சதா மாற்கு 1:35ல இருக்கு, தானியேல் மூணு வேளை ஜெபிச்சார், பவுலும் சீலாவும் ஜெயில்ல நடுராத்திரி பாடினாங்க. நைட் ஷிப்ட் வேலையில இருக்கறவங்க, கைக்குழந்த வச்சிருக்கற அம்மாமாருங்க இதுல குற்ற உணர்ச்சி பட வேண்டாம். எந்த நேரம்ங்கறத விட, தினமும் ஒரே நேரம்ங்கறதுதான் பழக்கமாக உதவும்.

மத்த நேரமும் ஆராதனைதான். கொலோசெயர் 3:23 வேலைக்காரங்களுக்கு எழுதினது, எத செஞ்சாலும் மனுஷருக்குன்னு இல்லாம கர்த்தருக்குன்னு மனப்பூர்வமா செய்யுங்கன்னு. காலைல அழகா பாடிட்டு ஆபீஸ்ல கீழ வேலை செய்றவங்கள வாய்க்கு வந்தபடி திட்டினா, ஆமோஸ் 5:23,24ல உங்க பாட்டுகளின் இரைச்சல என்னவிட்டு அகற்று, நியாயம் தண்ணி மாதிரி ஓடட்டும்னு சொன்னது நமக்கும்தான்.

8. சபை ஆராதனை, ஞானஸ்நானம், அதுக்கான பேப்பர்கள்

தனியா மட்டும் நடத்திடலாம்னு நினைக்காதீங்க, எபிரெயர் 10:25 சபை கூடிவருதல விட்டுடாதீங்கன்னு சொல்லுது. புது சபைக்கு போறீங்கன்னா பத்து நிமிஷம் முன்னாடி போங்க. எல்லாரும் கை தூக்கறாங்களேன்னு நீங்களும் தூக்கணும்னு இல்ல, யாரும் தூக்கலயேன்னு அடக்கிக்கவும் வேண்டாம். எழுதி வச்ச ஜெபத்த வாசிக்கிற சபைகள் இருக்கு, சத்தமா துதிக்கிற சபைகள் இருக்கு, ரெண்டுலயும் உண்மையா ஆராதிக்கறவங்க இருக்காங்க. ஒரு வாரம் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க, ரெண்டு மூணு மாசம் போய் பாருங்க. திருவிருந்துல யார் பங்கெடுக்கலாம்ங்கறது சபைக்கு சபை மாறும், முன்னாடியே கேட்டுக்கோங்க, சங்கடப்பட வேண்டி வராது.

ஞானஸ்நானம் எடுக்க போறீங்கன்னா இதெல்லாம் கேளுங்க: வகுப்பு எத்தன வாரம், எந்த தேதி, முழுக்கா தெளிப்பா, ஞானப்பெற்றோரோ சாட்சிகளோ வேணுமா, பிறப்பு சர்டிபிகேட் மாதிரி என்ன பேப்பர் கேக்கறாங்க, சபை பதிவேட்டுல பேர் எப்படி எழுதுவாங்க. குழந்தையில ஏற்கனவே எடுத்தவங்கன்னா அத ஏத்துப்பாங்களான்னும் கேளுங்க, இதுல சபைகளுக்குள்ள பெரிய வேறுபாடு இருக்கு. சர்டிபிகேட்ல பேரும் பிறந்த தேதியும் மத்த பேப்பர்ல உள்ள மாதிரியே இருக்கான்னு வாங்கின அன்னைக்கே சரிபாருங்க, பின்னாடி சபை மாறும்போதோ சபையில கல்யாணம் நடக்கும்போதோ கேப்பாங்க. அவசரப்படுத்தினா யோசிக்க டைம் கேளுங்க, கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

9. விழ வைக்கிற பொறிகள்

அவசர பொருத்தனை. உணர்ச்சி பொங்கற நேரத்துல "இது நடந்தா இத செய்றேன்"னு வாய்விட்டுடாதீங்க. பிரசங்கி 5:5, நேர்ந்துகொண்டத செய்யாம போறத விட நேர்ந்துகொள்ளாம இருக்கறதே நலம்னு சொல்லுது. பிள்ளை இல்லாத அன்னாள், மகன் பிறந்தா அவன ஆண்டவருக்கே கொடுப்பேன்னு நேர்ந்துக்கிட்டு, பால் மறந்த பிறகு சாமுவேல ஆலயத்துல கொண்டு வந்து விட்டார். யெப்தா யோசிக்காம சொன்ன பொருத்தனை என்ன ஆச்சுன்னு நியாயாதிபதிகள் 11ல இருக்கு. பொருத்தனை பண்ணணும்னு தோணுச்சுன்னா நோட்டுல எழுதி வச்சுட்டு ஒரு வாரம் கழிச்சு எடுத்து பாருங்க.

மனுஷனுக்கு ஒப்புக்கொடுக்கறது. இத நான் அழுத்தி சொல்லணும். ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கறதுங்கற பேர்ல, உங்க சம்பளம், கல்யாணம், வீட்டு முடிவு எல்லாத்தையும் ஒரு தலைவர் கையில கொடுக்க சொன்னா அது சரியில்ல. பவுலே 2 கொரிந்தியர் 1:24ல உங்க விசுவாசத்துக்கு நாங்க அதிகாரிகள் இல்ல, உங்க சந்தோஷத்துக்கு சகாயர்னு எழுதறார். ஆலோசனை கேளுங்க, கண்டிச்சா ஏத்துக்கோங்க, ஆனா பெரோயா பட்டணத்துக்காரங்க பவுல் சொன்னதையே வேதவாக்கியத்த வச்சு ஆராய்ஞ்சு பாத்தாங்க, அப்போஸ்தலர் 17:11 அத பாராட்டித்தான் சொல்லுது. கேள்வி கேட்டா "கலகக்காரன்"னு சொல்றாங்க, குடும்பத்தோட பேசாதன்னு சொல்றாங்க, யாருக்கும் சொல்லாம இத செய்ன்னு சொல்றாங்கன்னா அங்கிருந்து வெளிய வாங்க.

மருந்த நிறுத்தறது. சுகத்துக்காக ஜெபிங்க, நிச்சயமா ஜெபிங்க, ஆனா மாத்திரைய நிறுத்தினாதான் விசுவாசம்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. பவுல் கூட இருந்த லூக்கா ஒரு வைத்தியர், தீமோத்தேயுவோட வயித்துக்கு என்ன எடுத்துக்கணும்னு பவுலே எழுதியிருக்கார். உபவாசமும் அப்படித்தான், சர்க்கரை வியாதி உள்ளவங்க, கர்ப்பிணிங்க, மருந்து எடுக்கறவங்க டாக்டர்கிட்ட கேக்காம இருக்காதீங்க.

மத்தவங்க சாட்சியோட ஒப்பிடறது. அவங்க லிஸ்ட் வேற, உங்க லிஸ்ட் வேற.

10. ஒன்னுமே தோணாத நாட்கள்

வரும். ஆரம்பத்து உற்சாகம் குறைஞ்சு, ஜெபம் சுவத்துல முட்டி திரும்பற மாதிரி இருக்கும். அப்ப ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு பயந்து எல்லாத்தையும் முதல்ல இருந்து ஆரம்பிக்காதீங்க. சங்கீதம் 13 எடுங்க, "எதுவரைக்கும்"னு நாலு தடவ கேக்கற சங்கீதம், ஆறே வசனம்தான். சங்கீதம் 88 இன்னும் கனமானது, கடைசி வரைக்கும் ஒரு ஆறுதல் வரி கூட இல்லாம முடியும், அதுவும் ஆராதனை புத்தகத்துலதான் இருக்கு. உங்களால பேச முடியாத நாள்ல அந்த வார்த்தைகள கடன் வாங்கிக்கோங்க, நேரத்த மட்டும் விடாதீங்க, அஞ்சு நிமிஷமானாலும் அதே இடத்துல உக்காருங்க.

ஆனா வாரக்கணக்கா தூக்கம் இல்ல, சாப்பாடு பிடிக்கல, வாழவே வேண்டாம்னு தோணுதுன்னா அத ஆவிக்குரிய வறட்சின்னு மட்டும் நினைச்சு தனியா போராடாதீங்க, உடனே ஒருத்தர்கிட்ட சொல்லுங்க, டாக்டர பாருங்க. எலியா தீர்க்கதரிசி சாகணும்னு கேட்டப்போ ஆண்டவர் அவர கண்டிக்கறதுக்கு முன்னாடி தூங்க விட்டார், சாப்பிட கொடுத்தார், 1 இராஜாக்கள் 19ல அத படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைஞ்சிடும்.

விட்டேன்னு தேதி போட்ட வரி மறுபடி வந்தா, பழைய தேதிய அடிக்காதீங்க, அதுக்கு பக்கத்துல புது தேதி போடுங்க. சில வரிக்கு நாலஞ்சு தேதி ஆகும், வருஷம் கூட ஆகும். மாசத்துக்கு ஒரு தடவ அந்த நம்பகமான ஆளோட உக்காந்து முதல் பக்கத்த பாருங்க, அடுத்து செய்ய வேண்டியதுல எது நடந்துச்சு எது நிக்குதுன்னு. மூணு மாசத்துக்கு ஒரு தடவ லிஸ்ட்ட புதுசா எழுதுங்க, மூணாம் பக்கத்துல புது பேருங்க வந்திருக்கும், புது வேலை, புது வீடு, பிறந்த குழந்தை, அதுக்கெல்லாம் நாலாவது படியில இருந்து திரும்ப போகணும். அந்த மாசாந்திர சந்திப்புக்கு யார்னு இன்னும் முடிவு பண்ணலன்னா, இந்த வாரம் அந்த ஆள்கிட்ட பேசி தேதிய குறிச்சுட்டு அப்புறமா லிஸ்ட் எழுத உக்காருங்க.